‘நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க’

அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் ஒரு கேள்வித்தாள் சுற்றி வருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் நாளில், டிஸ்சார்ஜ் சீட்டோடு அதுவும் தாயின் கைக்கு வரும். மருத்துவர் எப்படி நடந்துகொண்டார், செவிலியர் எப்படிக் கவனித்தார், கழிப்பறை சுத்தமாக இருந்ததா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். மோசம் என்பதில் தொடங்கி மிகச் சிறப்பு என்பது வரை கட்டங்கள் இருக்கும். படிக்கத் தெரியாத தாயாக இருந்தால் வார்டில் வேலை செய்யும் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல டிக் அடிப்பார்.

இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கொள்கை வரலாறு இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசியத் தர உறுதித் தரநிலைகள் வந்த பிறகு, தரச்சான்று கேட்கும் மருத்துவமனைகள் நோயாளிகளின் திருப்தியை அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. 2016-இல் ‘மேரா அஸ்பதால்’ என்ற பெயரில், குறுஞ்செய்தி வழியாகவும் தானியங்கித் தொலைபேசி வழியாகவும் கருத்துக் கேட்கும் ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சகம் தொடங்கியது. குழந்தைகளுக்கான மருத்துவச் சேவையின் தரத்தை உயர்த்தவென்று 2021-இல் ‘முஸ்கான்’ திட்டம் வந்தது. ஏழைகளிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். கேட்கிறார்களே என்று நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் கேட்ட கேள்விக்குக் கிடைக்கும் பதில் எதை அளக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நாங்கள் சமூகப் பணியாளர்கள். வட மாவட்டம் ஒன்றின் சேரிகளிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களுக்குத் துணையாகப் போவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. வார்டிலும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறோம், பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்கும் போகிறோம். அதனால் ஒரே தாயிடமிருந்து இரண்டு பதில்களைக் கேட்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கிறது. வார்டில் கேட்டால், “நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க.” வீட்டு வாசலில் உட்கார்ந்து பேச்சு வளர்ந்தால் வேறொரு கதை வரும். முதலில் சொன்னது பொய் என்றோ, பின்னால் சொன்னது மட்டும்தான் உண்மை என்றோ நாங்கள் நினைக்கவில்லை. இரண்டும் அவர் பதில்தான். முதல் பதிலை மட்டும் எண்ணாக்கி அட்டவணையில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதல் பதில் எங்கிருந்து வருகிறது?

ஒன்று, பயம். வலிப்பு வரும் பிள்ளை, சிறுநீரகக் கோளாறால் முகம் வீங்கி அடிக்கடி வந்து படுக்கும் பிள்ளை, இவர்களின் தாய்மார்களுக்கு டிஸ்சார்ஜ் என்பது முடிவல்ல. அடுத்த முறையும் அதே வார்டு, அதே சிஸ்டர். அவரைப் பற்றி அவர் காதுபட யார் குறை சொல்வார்கள்?

இரண்டு, நன்றி. தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தால் வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டும். இங்கே பணம் இல்லாமல் பிள்ளை பிழைத்திருக்கிறது. பிழைத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய், “செவிலியரின் கவனிப்பு எப்படி?” என்ற கேள்வியைத் தனியாகப் பிரித்துப் பதில் சொல்வதில்லை. பிள்ளை பிழைத்ததற்கு மதிப்பெண் போடுகிறார்.

மூன்று, பழக்கம். இதைத்தான் சமூகவியல் மாணவர்கள் ஆழமாகப் பார்க்க வேண்டும். அமர்த்தியா சென் எடுத்துக்காட்டும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், துணையை இழந்தவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடல்நலம் சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அந்தக் கைம்பெண்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு இருப்பதாகவே அவர்கள் நினைத்திருக்கவில்லை. கேரளத்தில் மக்கள் அதிகம் வாழ்கிறார்கள், நோய் இருப்பதாகவும் அதிகம் சொல்கிறார்கள். பீகாரில் ஆயுளும் குறைவு, சொல்வதும் குறைவு என்று சென் இன்னொரு இடத்தில் காட்டுகிறார். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பார்த்த சமூகம்தான் குறை சொல்லவும் கற்றுக்கொள்கிறது.

பிரிட்டனில் பிரையன் வில்லியம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. உளநலச் சேவை பெற்றவர்களோடு நீண்ட நேரம் பேசிப் பார்த்தபோது, கசப்பான அனுபவங்களைச் சொன்னவர்களும் படிவத்தில் திருப்தி என்றே எழுதியிருந்தார்கள். ஏன்? “அது அவங்க கடமையா என்ன?”, “அவங்க மேல தப்பு இல்ல, ஆள் பத்தல” என்ற இரண்டு சமாதானங்கள் நடுவில் இருந்தன. இந்த இரண்டையும் நம் தாய்மார்கள் வாயிலிருந்து அப்படியே கேட்டிருக்கிறோம். “அவ்ளோ பேர வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்னா பண்ணும்?” என்று செவிலியருக்காக வாதாடிய பாட்டிகளும் உண்டு. எது தன் உரிமை, எது அவர் கடமை என்று யாரும் சொல்லித்தராத இடத்தில், குறை என்பதே குறையாகப் பதிவாவதில்லை.

அழைக்காத இரவு

இதைத் தாயின் சம்மதத்தோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறோம். ஐந்து வயதுப் பையன், காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தார்கள். கையில் டிரிப்ஸ் போய்க்கொண்டிருந்தது. இரவு இரண்டு மணி வாக்கில் புறங்கை வீங்கத் தொடங்கியதை அவன் அம்மா பார்த்துவிட்டார். ஊசி நரம்பை விட்டு விலகி, உள்ளே போக வேண்டிய திரவம் சதையில் இறங்கினால் அப்படி வீங்கும். உடனே நிறுத்தி ஊசியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். தாமதமானால் சில மருந்துகள் தோலைப் புண்ணாக்கிவிடும்.

அவர் செவிலியர் அறைக்குப் போகவில்லை. அன்று மாலை, பாட்டில் தீரப்போகிறது என்று சொல்லப் போயிருந்தார். “எத்தனை வாட்டிதான் வந்து நிப்ப? காலனி ஆளுங்களுக்கு ஒரு தடவ சொன்னா புரியாதா?” என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எழுந்து போக அவருக்குக் கால் வரவில்லை. பிள்ளையின் கையை மடியில் தூக்கி வைத்து ஊதிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்டுக்கு வந்த சிஸ்டர்தான் பார்த்துப் பதறி ஊசியை எடுத்தார். புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி: “அழைத்தபோது செவிலியர் வந்தாரா?” அந்தத் தாயின் பதில்: “எப்போதும்.” அவர் பொய் சொல்லவில்லை. மாலையில் அழைத்தபோது திட்டிக்கொண்டேயானாலும் வந்து பாட்டிலை மாற்றினார்கள். இரவில் அவர் அழைக்கவே இல்லை. அழைத்த தடவைகளை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு நூறுதான்.

எங்கே கேள்வி தவறுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 2014 வாக்கில் உருவாக்கப்பட்ட, மருத்துவமனையில் தங்கிய குழந்தைகளின் பெற்றோருக்கான கேள்வித்தாள் ஒன்றில், முதலில் “அழைப்பு மணியை அழுத்தினீர்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உதவி எவ்வளவு விரைவாக வந்தது என்று கேட்கிறார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் “திருப்தியா?” என்று கேட்பதில்லை. “எத்தனை முறை நடந்தது?” என்று கேட்கிறது. இந்த மாற்றம் முக்கியமானது. திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது, நடந்தது நடந்ததுதான். ஆனால் நம் வார்டுகளில் அழைப்பு மணி இல்லை. தாய் எழுந்து, மற்றக் கட்டில்களைத் தாண்டி நடந்து போய் நிற்க வேண்டும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது: “கூப்பிட வேண்டும் என்று நினைத்தும் கூப்பிடாமல் இருந்தீர்களா? ஏன்?”

‘வா’வும் ‘வாங்க’வும்

நர்சிங் மாணவர்கள் ஆய்வுக்காகக் கொண்டுவரும் படிவங்களையும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை. “செவிலியர் உங்களை மரியாதையுடன் நடத்தினாரா?” என்று இருக்கும். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘வா’ என்றார்களா, ‘வாங்க’ என்றார்களா? இந்த ஒரு கேள்வி போதும், நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஐம்பது வயதுச் செவிலியர் இருபது வயதுத் தாயை ‘வாம்மா’ என்று அழைப்பது பாசமாகவும் இருக்கலாம் என்பது சரிதான். அதனால்தான் அடுத்த கேள்வி தேவைப்படுகிறது: “பக்கத்துக் கட்டில்காரரை எப்படிக் கூப்பிட்டார்கள்?” தாய்மார்கள் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். அவர்கள் அதை வார்டில் இருந்த நாள் முழுக்கக் கவனித்திருக்கிறார்கள்.

“எந்த ஊரு?” என்ற கேள்வியும் அப்படித்தான். ஊர்ப் பெயரைச் சொன்னதும், “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று அடுத்தது வரும். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். கேஸ் ஷீட்டிலிருந்து சொல் போனாலும், கேட்கிற வாய்க்கு வேறு சொற்கள் கிடைக்கும். அப்படிக் கேட்டார்களா, கேட்ட பிறகு பேச்சின் தொனி மாறியதா என்பதை எந்தத் திருப்திப் படிவமும் அளப்பதில்லை.

இன்னொன்று, வேலை. பிள்ளைக்கு உடம்பு துடைப்பது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது, மூக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றுவது, டிரிப்ஸ் தீர்கிறதா என்று கண்விழித்துப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனைக்கான குழாயை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது என்று செவிலியர் பணியில் பாதியைத் தாய்தான் செய்கிறார். இரவில் கட்டிலுக்கு அடியில் தரையில் படுக்கிறார். கடைசியில் அவரிடமே “கவனிப்பு எப்படி இருந்தது?” என்று கேட்கிறார்கள். தன் உழைப்புக்கும் சேர்த்துத்தான் அவர் மதிப்பெண் போடுகிறார்.

தெர்மாமீட்டர் கைமாறிய விதம்

அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலைப் படித்தவர்களுக்குக் கத்தியவாரைச் சேர்ந்த அந்த ஆசிரியரை நினைவிருக்கும். அவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் வெளியானது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அவர் மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். பெரிய மனிதர்களைப் பிடித்து, பணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து அதே வழியில் திருப்பித் தருகிறார். நிமோனியா என்று சொல்லி மருத்துவர் போய்விடுகிறார். மருந்து வருகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இந்த நிகழ்வுக்கு இன்றைய படிவத்தை நிரப்பிப் பார்ப்போம். மருத்துவர் வந்தாரா? வந்தார். வெப்பநிலை பார்க்கப்பட்டதா? பார்க்கப்பட்டது. நோய் என்னவென்று சொன்னாரா? சொன்னார். மருந்து கிடைத்ததா? கிடைத்தது. தெர்மாமீட்டர் எத்தனை கை மாறியது என்ற கேள்வி மட்டும் படிவத்தில் இல்லை. அந்தப் பெண்ணின் உயிர் அந்த இடைவெளியில்தான் போனது.

இது பழைய கதை அல்ல. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. அவர் “திருப்தியா?” என்று கேட்கவில்லை. உன்னைத் தொட்டார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள், காத்திருக்க வைத்தார்களா, மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு செயலாகப் பிரித்துக் கேட்டார். மருந்து கொடுக்கும்போது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது தடவை பாகுபாடு இருந்தது என்று தெரியவந்தது. அது கிராமச் சுகாதாரச் சேவையைப் பற்றிய ஆய்வு, நாம் பேசுவது மருத்துவமனை வார்டு. அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் கேட்ட முறையை எடுத்துக்கொள்ளலாம். தாயிடம் மட்டும் கேட்காமல் குழந்தையிடமே கேட்டதையும் கவனியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னை யார் தொட்டார்கள், யார் தொடாமல் நின்றார்கள் என்று நன்றாகவே தெரியும்.

சட்டம் இந்த விஷயத்தில் படிவத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் அனுமதிக்க மறுப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. அனுமதித்த பிறகு பாகுபாடு காட்டும் செயலும் குற்றம் என்கிறது. ‘அனுமதித்த பிறகு’ என்ற இந்த இரண்டு சொற்களை மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அரசு மருத்துவமனை வாசலில் யாரையும் தடுப்பதில்லை. இன்றைய தீண்டாமை கட்டில் கிடைத்த பிறகு தொடங்குகிறது.

செவிலியரும் சாதிக் கட்டமும்

செவிலியர்களை எதிரியாக நிறுத்த இதை எழுதவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். இரவுப் பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஏதாவது ஒரு வார்டில் போய் எண்ணிப் பாருங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவர்களில் நம் பெண்களும் இருக்கிறார்கள். தன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஒரு நோயாளியின் குடும்பம் தயங்கியதை எங்களிடம் சொல்லி அழுத செவிலியரும் உண்டு. திருப்தி மதிப்பெண் குறைந்தால் மெமோ வருவது இவர்களுக்குத்தான், ஆள் போடாத அரசுக்கு அல்ல.

அப்படியானால் ஆள் பற்றாக்குறையையும் சாதியையும் எப்படிப் பிரிப்பது? இதற்குத்தான் அளவீடு வேண்டும். செவிலியர் எல்லாப் பிள்ளைகளிடமும் தாமதமாக வந்தால் அது பற்றாக்குறை. சில பிள்ளைகளிடம் மட்டும் தாமதமாக வந்தால் அதற்கு வேறு பெயர். இரண்டையும் பிரித்துக் காட்ட, பதில் சொல்பவர் எந்தச் சமூகம் என்ற ஒரு கட்டம் படிவத்தில் வேண்டும். அது இல்லாத சராசரி, எண்பது பேரின் ‘வாங்க’வுக்குள் இருபது பேரின் ‘வா’வை ஒளித்து வைத்துவிடும்.

“நோயாளியிடம் சாதி கேட்பதே சாதியம் அல்லவா?” என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. ஊரா காலனியா என்று கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிற இடத்தில், அதை எழுதி வைக்க மட்டும் கூச்சம் எதற்கு? ஆனால் நிபந்தனைகள் உண்டு. அந்தத் தகவல் கேஸ் ஷீட்டுக்குப் போகக் கூடாது. பெயரில்லாத கேள்வித்தாளில், பெற்றோர் விரும்பினால் மட்டும், மருத்துவமனையில் வேலை செய்யாத ஒருவர் கேட்டுக் குறிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சமூகப் பணி, சமூகவியல், நர்சிங் படிக்கும் தோழர்கள் பலர் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள். இதை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் கேட்காமல், பிள்ளை வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வீட்டில் கேளுங்கள். எண் கேட்பதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். ஊசி போடும்போது என்ன மருந்து, எதற்கு என்று சொன்னார்களா? பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, கட்டில் எண்ணைச் சொல்லியா? மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, மேசையில் வைத்தார்களா? எங்கே படுத்தீர்கள்? யாருக்காவது காசு கொடுக்க வேண்டியிருந்ததா? கூப்பிட நினைத்துக் கூப்பிடாமல் விட்டீர்களா? இதே கேள்விகளை எல்லாச் சமூகத்துப் பெற்றோரிடமும் கேளுங்கள், ஒப்பீடு இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. ஒரு வார்டில் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவாக இருந்தால் வார்டின் பெயரைப் போடாதீர்கள், யார் சொன்னது என்று எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆய்வு செய்ய வாய்ப்பில்லாதவர்களும் ஒரு வேலை செய்யலாம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கடந்த ஓராண்டில் எடுத்த நோயாளி திருப்திக் கணக்கெடுப்பின் முடிவுகளையும், அவற்றின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். பதில் வந்தால் அதை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதும் அதில் ஒன்று, குறை சொல்வதும் அதில் ஒன்று. அதையும் அதே கூட்டத்தில் வாசியுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு வரும் தாய்மார்களில் யாராவது ஒருவர், அடுத்த முறை இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் கை வீங்கினால் எழுந்து போய், “சிஸ்டர், வந்து பாருங்க” என்று சொல்ல வேண்டும். சிஸ்டர் முகம் சுளித்தால், வீட்டுக்கு வந்த பிறகு அதை யாரிடமாவது சொல்லவும் வேண்டும். அப்படிச் சொல்பவர்கள் கூடக் கூட மருத்துவமனையின் திருப்தி மதிப்பெண் குறையும். குறையட்டும்.